கூருணர்வுத் தோலும் பாக்டீரியாச் சாறுகளும்

முகப்பூச்சுப் புட்டிகளின் மேல் புரோபயாட்டிக் என்ற சொல் இடம்பெறத் தொடங்கிய பிறகு, அவற்றை வாங்குவோர் பலரும் அந்தப் புட்டிக்குள் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் உயிரோடு இருப்பதாகவும், பூசியவுடன் அவை தோலில் குடியேறித் தீய கிருமிகளை விரட்டிவிடும் என்றும் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையைத் திருத்த விளம்பரங்களும் முயல்வதில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2001-இல் அர்ஜென்டினாவின் கொர்தோபா நகரில் கூட்டிய வல்லுநர் குழு, போதிய அளவில் கொடுக்கப்படும்போது பெறுபவரின் உடல்நலத்துக்கு நன்மை பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களையே புரோபயாட்டிக் என்று வரையறுத்தது. உயிரோடிருத்தல், போதிய எண்ணிக்கையில் இருத்தல் என்ற இவ்விரு நிபந்தனைகளில் ஒன்றைக்கூடக் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பூச்சுகள் நிறைவேற்றுவதில்லை, நிறைவேற்றுவதும் எளிதன்று.

காரணம் அந்தப் பூச்சுகளின் இயல்பிலேயே இருக்கிறது. நீரும் எண்ணெயும் கலந்த களிம்பு நுண்ணுயிர்கள் செழித்து வளர ஏற்ற ஊடகமாதலால், மாதக்கணக்கில் குளியலறை அலமாரியில் கிடந்து, நாள்தோறும் விரலால் தொடப்பட்டு, மூடி திறந்து மூடப்படும் அப்பொருள் கெட்டுப்போகாதிருக்க அதில் நுண்ணுயிர்க்கொல்லிகள் சேர்க்கப்படுகின்றன; அவை நல்ல பாக்டீரியா, தீய பாக்டீரியா என்று வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 2014-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 17516 என்னும் பன்னாட்டுத் தரநிலை, பொதுவான அழகுப்பொருள்களில் ஒரு கிராமுக்கு 1,000 உயிருள்ள நுண்ணுயிர்கள் வரையிலும், கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானவற்றிலும் 100 வரையிலும் மட்டுமே அனுமதிக்கிறது. குடலுக்கென விற்கப்படும் புரோபயாட்டிக் மாத்திரை ஒன்றில் 100 கோடிக்கும் மேற்பட்ட உயிருள்ள பாக்டீரியாக்கள் அடைக்கப்படுவது வழக்கம் என்பதை இதனோடு ஒப்பிட்டால் இடைவெளியின் பருமன் விளங்கும்.

ஆகவே புட்டிக்குள் இருப்பவை கொல்லப்பட்ட பாக்டீரியாக்களும், அவற்றின் உடைந்த உடற்பகுதிகளும், அவை வளர்ந்தபோது வெளியிட்ட பொருள்களுமே. 2021-இல் புரோபயாட்டிக் ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.எஸ்.ஏ.பி.பி., உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிரற்ற நுண்ணுயிர்களையோ அவற்றின் கூறுகளையோ கொண்ட தயாரிப்புகளைப் போஸ்ட்பயாட்டிக் என்று அழைக்கலாம் என வரையறுத்தது. நுண்ணுயிர்களுக்கு உணவாகும் இனுலின் போன்ற சர்க்கரைத் தொடர்கள் பிரீபயாட்டிக் எனப்படுகின்றன. கூருணர்வுத் தோலைப் பொறுத்தவரை அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. உயிரற்றது என்பதாலேயே ஒரு பொருள் பயனற்றது என்று ஒதுக்கிவிடுவதும் அறிவியல் ஆகாது. தோலின் செல்கள் ஒரு பாக்டீரியாவை அறிந்துகொள்வது அதன் உயிர்ப்பை வைத்து அன்று, அதன் சுவரில் உள்ள மூலக்கூறுகளை வைத்துத்தான். இறந்த நுண்ணுயிர்களைக் கொண்டு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தடுப்பூசிகள் நூறாண்டுகளுக்கு மேலாகப் பயனில் இருப்பதும் இதே அடிப்படையில்தான்.

இத்தகைய பூச்சுகள் குறிவைக்கும் கூருணர்வுத் தோல், அதாவது விளம்பரங்கள் சென்சிட்டிவ் சருமம் என்று அழைக்கும் நிலை, தனியொரு நோயன்று. அரிப்பு பற்றிய ஆய்வுக்கான பன்னாட்டு மன்றம் 2017-இல் வெளியிட்ட வரையறையின்படி, சாதாரணமாக எவ்விதத் தொல்லையும் தராத வெப்பம், குளிர், காற்று, நீர், சோப்பு, பூச்சு போன்றவற்றுக்கு எதிர்வினையாகக் குத்தல், எரிச்சல், வலி, அரிப்பு, கூச்சம் போன்ற உணர்வுகள் தோன்றுவதும், அவ்வுணர்வுகளைத் தோல்நோயின் புண்களோ தடிப்புகளோ கொண்டு விளக்க இயலாமையும் இந்நிலையின் அடையாளங்கள். தோல் சிவந்திருக்கலாம், முற்றிலும் இயல்பாகவும் தோன்றலாம். பல நாடுகளில் நடந்த கருத்தாய்வுகளில் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ தமக்கு இத்தகைய தோல் இருப்பதாகக் கூறுகின்றனர். மருத்துவர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தொல்லையை நோயாளியின் சொல்லை மட்டுமே நம்பி அளக்க வேண்டியிருப்பது இத்துறையின் பெரிய இடர்ப்பாடு.

அந்த இடர்ப்பாட்டைக் குறைக்க அமெரிக்கத் தோலியல் அறிஞர் ஆல்பர்ட் கிளிக்மனும் பீட்டர் ஃபிராஷும் 1977-இல் ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினர். மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பில் நீர்த்த லாக்டிக் அமிலத்தைத் தடவி, அடுத்த சில நிமிடங்களில் எழும் எரிச்சலுக்கு மதிப்பெண் கொடுக்கச் செய்வதே அச்சோதனை. பெரும்பாலோர் எதையும் உணராதிருக்க, சிலர் மட்டும் சுரீரென்ற குத்தலால் முகம் சுளிப்பர். அவ்வாறு குத்துவதற்கான காரணத்தின் ஒரு பகுதி 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டறிந்த டி.ஆர்.பி.வி.1 என்னும் ஏற்பியில் இருக்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினுக்கும், ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும், அமிலத்துக்கும் ஒருசேரத் திறந்துகொள்ளும் இந்த ஏற்பி தோலின் நரம்பு முனைகளில் அமைந்துள்ளது. இக்கண்டுபிடிப்புக்காக ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்பு முனை தூண்டப்படும்போது அது மூளைக்குச் செய்தி அனுப்புவதோடு நின்றுவிடாமல், சி.ஜி.ஆர்.பி. போன்ற புரதத் துணுக்குகளைச் சுற்றிலும் உமிழ்ந்து, இரத்த நுண்குழாய்களை விரியச் செய்து, சிவப்பையும் வீக்கத்தையும் உண்டாக்குகிறது.

நரம்பு முனைவரை வெளிப்பொருள் எளிதில் சென்று சேர்வதற்குத் தோலின் தடுப்பரண் தளர்ந்திருப்பது வழிவகுக்கிறது. மேல்தோலின் உச்சியில் இறந்த செல்களால் ஆன கொம்புப்படை என்னும் படலம், முகத்திலும் முன்கைகளிலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று முதல் இரண்டு பங்கு தடிமனே உடையது. அச்செல்களைச் செங்கற்களாகவும் அவற்றிடையே நிரம்பிய கொழுப்புப் பொருள்களைக் காரையாகவும் கொண்ட சுவர் என்று பீட்டர் இலியாஸ் உருவகித்தது இன்றளவும் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது. காரையில் ஏறத்தாழப் பாதி எடை செராமைடு எனப்படும் கொழுப்பு வகை. எஞ்சியவை கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும். செராமைடை உருவாக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் சரிவர இயங்கும் என்பதால், தோல் தன் மேற்பரப்பைப் பி.எச். 5-க்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்கிறது. ஜெர்மானிய மருத்துவர்களான ஹைன்ரிஷ் ஷாடேயும் ஆல்ஃபிரெட் மார்கியோனினியும் 1928-இலேயே இந்த அமிலப் போர்வையைப் பற்றி எழுதினர். பி.எச். 9 அல்லது 10 அளவிலான காரத்தன்மையுள்ள சோப்பால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை முகம் கழுவுவோர், விலையுயர்ந்த பூச்சு எதையும் தேடுவதற்கு முன் அந்தச் சோப்பை மாற்றுவது நல்லது.

இந்த அமிலத்தன்மையையும் கொழுப்பையும் நம்பி வாழும் நுண்ணுயிர்கள் தோலின் மேல் பெருந்தொகையாக உள்ளன. எலிசபெத் கிரைஸ், ஜூலியா செக்ரே ஆகியோர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றியபோது, நலமாயுள்ள 10 பேரின் உடலில் 20 இடங்களிலிருந்து திரட்டிய பாக்டீரியாக்களின் மரபணுக்களைப் படித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, எந்த நுண்ணுயிர் எங்கே வாழ்கிறது என்பதை ஆளைவிட இடமே பெரிதும் முடிவு செய்கிறது என்று காட்டியது. நெற்றி, மூக்கு போன்ற எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் கியூட்டிபாக்டீரியமும், அக்குள் போன்ற ஈரமான இடங்களில் ஸ்டாஃபிலோகாக்கஸும் கோரினிபாக்டீரியமும் மிகுந்திருக்க, முன்கை போன்ற வறண்ட இடங்களில் பலவகை உயிரிகள் கலந்து காணப்படுகின்றன. இவை வெறும் குடியிருப்பாளர்கள் அல்ல. தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸின் சுவரிலுள்ள லிப்போட்டெய்க்காயிக் அமிலம், காயம்பட்ட தோலில் எழும் மிகையான அழற்சியை அடக்குவதாக 2009-இல் எலிகளில் கண்டறியப்பட்டது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் தடுப்பரண் தளர்வாக இருப்பதையும், அதற்குத் தோல் செல்களின் ஏ.எச்.ஆர். என்னும் ஏற்பி தூண்டப்படாமையே காரணம் என்பதையும் 2021-இல் கிரைஸின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு எடுத்துக்காட்டியது.

இந்த ஆய்வுகளைச் சுட்டிக்காட்டி, தோலின் நுண்ணுயிர்ச் சமநிலையை மீட்டுத் தருவதாகப் பல நிறுவனங்கள் கூறுகின்றன. இங்கேதான் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். பூச்சுகளில் மிகப் பரவலாகப் பயன்படும் பிஃபிடோபாக்டீரியம் தோலுக்குரிய உயிரியே அன்று. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்திலிருந்து 1899-இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிசியே பிரித்தெடுத்த, ஆக்சிஜன் இருந்தால் வளரவே மறுக்கும் குடல்வாழ் பாக்டீரியா அது. உயிரோடு இருந்தாலும் முகத்தில் அது நிலைத்திருக்காது. இறந்த நிலையிலோ எதையும் மீட்கும் பேச்சுக்கே இடமில்லை. அதன் பயன், அப்படி ஒன்று இருக்குமானால், தோலின் செல்களோடு நேரடியாகப் பேசுவதில் இருக்கிறதேயன்றித் தோலின் நுண்ணுயிர்களைத் திருத்துவதில் இல்லை.

தயாரிப்பு முறை ஒன்றும் புதிரானதன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியா விகாரம், அதாவது ஒரே இனத்துக்குள் மரபளவில் தனித்து அறியப்படும் ஒரு வழித்தோன்றல், எஃகுக் கலங்களில் ஊட்டநீரில் வளர்க்கப்படுகிறது. போதிய அளவு பெருகியதும் அதை வெப்பம், கேளா ஒலி, உயரழுத்தம் ஆகியவற்றுள் ஒன்றால் உடைத்தால் கிடைப்பது லைசேட். செல்களை வடிகட்டி நீக்கிவிட்டு எஞ்சிய நீரை எடுத்துக்கொண்டால் அது ஃபில்ட்ரேட். இரண்டும் கலந்து கிடப்பது பொதுவாக ஃபெர்மென்ட் என்ற பெயரில் வருகிறது. லைசேட்டில் செல்சுவரின் பெப்டிடோகிளைக்கான், லிப்போட்டெய்க்காயிக் அமிலம், மரபணுத் துண்டுகள், நொதிகள் ஆகியன இருக்கும். ஃபில்ட்ரேட்டில் லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், சர்க்கரைத் தொடர்கள் ஆகியன மிகுந்திருக்கும். ஆகவே ஒன்றின் மேல் நடந்த ஆய்வை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று. ஆனால் வணிகத்தில் அது அன்றாடம் நிகழ்கிறது.

தோலின் செல்கள் இத்துண்டுகளை உணர்வது டி.எல்.ஆர்.2 என்னும் ஏற்பியின் வழியே. பாக்டீரியாச் சுவரின் கூறுகளைக் கண்டுகொள்வதற்கென்றே அமைந்த இந்த ஏற்பி தூண்டப்படும்போது சில சூழல்களில் அழற்சி எழுகிறது, வேறு சில சூழல்களில் அண்டைச் செல்களை இறுகப் பிணைக்கும் புரதங்கள் கூடுதலாக உருவாகின்றன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஓ'நீலின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத் தட்டில் வளர்த்த மனிதத் தோல் செல்களின் மேல் வெவ்வேறு பாக்டீரியா லைசேட்டுகளை இட்டு, அந்தச் செல்படலத்தின் ஊடே மின்னோட்டம் செல்வதற்கு ஏற்படும் தடையை அளந்தனர். பிணைப்பு இறுகினால் தடை கூடும். பிஃபிடோபாக்டீரியம் லாங்கமும் லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜி.ஜி.யும் இதில் முந்தி நிற்க, வேறு இனங்கள் பின்தங்கின. அருகருகே வைக்கத்தக்க உறவினங்களே இவ்வளவு வேறுபடும்போது, லாக்டோபேசில்லஸ் என்று மட்டும் பொதுவாக எழுதிய ஒரு புட்டியைப் பற்றி எதை நம்பிச் சொல்ல முடியும்?

ஆய்வகத் தட்டுக்கும் முகத்துக்கும் இடையே இன்னொரு தடையும் உண்டு. நெதர்லாந்தின் யான் போஸ், மார்கஸ் மைனார்டி ஆகியோர் 2000-இல் எடுத்துரைத்த விதியின்படி, மூலக்கூறு எடை 500 டால்ட்டனுக்கு மேற்பட்ட பொருள்கள் முழுமையான கொம்புப்படையைக் கடந்து உள்ளே செல்வது அரிது. பாக்டீரியாச் சுவரின் துண்டுகள் பலவும் இதைப்போல் பல மடங்கு எடையுள்ளவை. டி.எல்.ஆர்.2 அமைந்திருப்பதோ அப்படலத்துக்குக் கீழேயுள்ள உயிருள்ள செல்களில். மயிர்க்கால்களின் வழியாகச் சிறிதளவு இறங்கலாம் என்பதும், கூருணர்வுத் தோலிலும் கரப்பானிலும் அரண் முன்பே தளர்ந்திருப்பதால் அங்கே நுழைவு எளிதாகலாம் என்பதும் ஏற்கத்தக்க விளக்கங்களே. அந்த விளக்கம் சரியெனில், இத்தகைய பூச்சு தேவைப்படாத உறுதியான தோலில் அது பெரிதாக எதையும் செய்யப்போவதில்லை என்பதும் அதன் மறுபக்கமாக வந்து சேர்கிறது.

கூருணர்வுத் தோலிலேயே நேரடியாக நடந்த ஆய்வுகளுள் 2010-இல் எக்ஸ்பெரிமென்டல் டெர்மடாலஜி இதழில் வெளியான பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் லைசேட் ஆய்வே அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. ஆதலால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். எளிதில் எரிச்சலுறும் தோல் கொண்ட 66 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவில் 33 பேருக்கு 10 விழுக்காடு லைசேட் கலந்த களிம்பும், மறு குழுவில் 33 பேருக்கு லைசேட் இல்லாத அதே களிம்பும் கொடுக்கப்பட்டன. முகத்திலும் கைகால்களிலும் நாளொன்றுக்கு இருமுறை வீதம் இரண்டு மாதம் பூசிய பின், லாக்டிக் அமிலச் சோதனையில் எழும் குத்தல் லைசேட் குழுவில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. ஒட்டுநாடாவை மீண்டும் மீண்டும் ஒட்டி உரித்துத் தடுப்பரணை உடைக்க எத்தனை முறை உரிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணியபோது அவ்வெண்ணிக்கையும் கூடியிருந்தது. நான்கு வாரத்துக்குள் வறட்சியும் தணிந்தது. அதே ஆய்வின் ஆய்வகப் பகுதியில், நரம்பு செல்களிலிருந்து சி.ஜி.ஆர்.பி. வெளிப்படுவதையும், அகற்றப்பட்ட தோல்துண்டுகளில் இரத்த நுண்குழாய்கள் விரிவதையும் இந்த லைசேட் குறைத்தது. உணர்வு, அரண், நரம்பு ஆகிய மூன்றும் ஒரே திசையில் அசைந்திருப்பது இந்த ஆய்வின் வலிமை. ஆய்வாளர்களில் முதன்மையானவர்கள் லோரியால் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும், பங்கேற்றோர் தொகை சிறிது என்பதும், பயன்பட்டது 10 விழுக்காடு என்னும் தாராளமான அளவு என்பதும் அதன் எல்லைகள்.

அதே நிறுவனத்தின் இன்னொரு பொருளான விட்ரியோசில்லா ஃபிலிஃபார்மிஸ், வெந்நீர் ஊற்றுகளில் இழைபோல் வளரும், நோயுண்டாக்காத பாக்டீரியா. பிரான்சின் லா ரோஷ்-போசே ஊற்றுநீரில் தோல்நோயாளிகள் குளிப்பது நெடுங்கால வழக்கம். அந்நீரைக் கலந்த ஊடகத்தில் வளர்த்த இந்த உயிரியின் சாறு இப்போது அவ்வூரின் பெயர் தாங்கிய களிம்புகளில் இடம்பெறுகிறது. 2008-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மடாலஜியில் வெளியான இரட்டை மறைப்பு ஆய்வில், அதாவது யாருக்கு எந்தக் களிம்பு என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி நடத்தப்பட்ட ஆய்வில், ஒவ்வாமைக் கரப்பான் உள்ள 75 பேர் 5 விழுக்காடு சாறுள்ள களிம்பையோ வெறும் களிம்பையோ 30 நாள் பூசினர். சாறு பெற்றவர்களில் நோயின் கடுமைக் குறியீடும் அரிப்பும் கூடுதலாகக் குறைந்தன. இதன் காரணத்தை ஜெர்மனியில் டிலோ பீடர்மனின் குழு 2014-இல் ஆராய்ந்தது. இச்சாறு டி.எல்.ஆர்.2 வழியாகத் தோலின் கிளைச்செல்களை, அதாவது அயல்பொருளைக் கண்டு நோயெதிர்ப்பு அமைப்புக்கு அறிவிக்கும் காவல் செல்களை, ஐ.எல்.-10 என்னும் அமைதிப்படுத்தும் பொருளைச் சுரக்கத் தூண்டுகிறது என்றும், அதனால் அழற்சியை அடக்கும் டி செல்கள் உருவாகின்றன என்றும் அக்குழு எலிகளில் காட்டியது. செயல்முறை இவ்வளவு தெளிவாகப் பின்தொடரப்பட்ட பொருள்கள் இத்துறையில் அதிகமில்லை.

தயிருக்குப் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் வேறு வழியில் இயங்குகிறது. இந்தப் பாக்டீரியாவில் மிகுந்துள்ள ஸ்ஃபிங்கோமயலினேஸ் என்னும் நொதி, தோலிலுள்ள ஒரு கொழுப்பை உடைத்துச் செராமைடாக மாற்றுகிறது. இத்தாலியின் லாக்விலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதன் சிதைந்த செல்களைக் கலந்த களிம்பைப் பூசிய சில நாளிலேயே கொம்புப்படையின் செராமைடு அளவு உயர்வதை 1999-இலும், கரப்பான் நோயாளிகளிடம் அதே விளைவையும் அறிகுறிகள் தணிவதையும் 2003-இலும், வயது முதிர்ந்த பெண்களிடம் 2008-இலும் பதிவுசெய்தனர். மூன்றும் சிறு ஆய்வுகளே. ஜப்பானிய அழகுப்பொருள்களால் புகழ்பெற்ற காலக்டோமைசிஸ் ஃபில்ட்ரேட் பாக்டீரியாவிலிருந்து வருவதன்று, ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சையிலிருந்து வருவது. அது முன்னர்க் கூறிய ஏ.எச்.ஆர். ஏற்பியைத் தூண்டித் தடுப்பரண் புரதங்களைப் பெருக்குவதாகக் கியூஷு பல்கலைக்கழக ஆய்வுகள் கூறுகின்றன.

உயிருள்ள பாக்டீரியாவையே தோலில் இடும் முயற்சிகள் இல்லாமலில்லை. அவை அழகுப்பொருள் என்ற வட்டத்தைத் தாண்டி மருந்தாய்வுக்குள் சென்றுவிட்டன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் இயன் மைல்ஸ் குழு, நலமான தோலிலிருந்து எடுத்த ரோசியோமோனாஸ் மியூக்கோசா என்னும் பாக்டீரியாவைக் கரப்பான் உள்ள 10 பெரியவர்களுக்கும் 5 குழந்தைகளுக்கும் தெளித்து, பெரும்பாலோரிடம் நோய் தணிந்ததாக 2018-இல் அறிவித்தது. அம்முடிவு பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. ஆனால் அதே வழியில் ஒரு நிறுவனம் உருவாக்கிய மருந்து, வெற்றுமருந்தோடு ஒப்பிட்ட இரண்டாம் கட்ட ஆய்வில் 2021-இல் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. அவ்வாண்டே கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் காலோ குழு, கரப்பானை மோசமாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸைக் கொல்லும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் விகாரம் ஒன்றை 54 பேரிடம் சோதித்தது. பாதுகாப்பு உறுதியாயிற்று, தீய பாக்டீரியா குறைந்தது, எனினும் நோயின் கடுமையில் இரு குழுக்களுக்கும் ஒட்டுமொத்தமாகப் பெரிய வேறுபாடில்லை. சிறு ஆய்வில் மின்னிய ஒன்று பெரிய ஆய்வில் மங்குவது மருத்துவத்தில் புதிதன்று. லைசேட்டுகள் அத்தகைய பெரிய ஆய்வுகளை இன்னும் சந்திக்கவே இல்லை என்பதை நினைவிற் கொள்வது நலம். அவற்றின் பக்கம் உள்ள நன்மைகள், உயிருள்ள கிருமி எதையும் தோலில் விடாததால் ஆபத்து குறைவு, குளிர்ப்பெட்டியும் தேவையில்லை, ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரே அளவைப் பேணலாம் என்பன.

கடைக்கு முன் நிற்பவருக்கு இந்தச் சான்றுகளைப் பயன்படுத்திக்கொள்ள உதவுவது புட்டியின் பின்புறம் உள்ள பட்டியலே. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். அதற்குட்பட்டவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பிஃபிடா ஃபெர்மென்ட் லைசேட் பட்டியலின் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் இருந்தால் அது பொருட்படுத்தத்தக்க அளவு. நறுமணப் பொருளுக்கும் பதனப்பொருளுக்கும் பின்னால் கிடந்தால் அது பெரும்பாலும் விளம்பரத்துக்காகச் சேர்ந்தது. முள்ளங்கி ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட் என்று காணப்படுவது பலரும் எண்ணுவதுபோல் தோலை ஆற்றும் பொருளன்று, பதனப்பொருளாகச் சேர்க்கப்படும் கிருமித்தடுப்பி. லைசேட்டின் பெயரால் விற்கப்படும் களிம்பிலேயே நறுமண எண்ணெய்களும் கலந்திருப்பதுண்டு. எரிச்சலைத் தணிக்கும் பொருளையும் எரிச்சலூட்டும் பொருளையும் ஒரே புட்டியில் அடைத்து விற்பது கூருணர்வுத் தோலுக்குச் செய்யும் நன்மையாகாது. வெறும் களிம்பும் தன்னளவில் தோலை ஆற்றக்கூடியது. மேற்சொன்ன ஆய்வுகளில் லைசேட் இல்லாத களிம்பைப் பூசியவர்களை ஒப்பீட்டுக்கு நிறுத்தியதும் அதனாலேயே.

இவ்வளவு பணம் எதற்கு, வீட்டுத் தயிரையே முகத்தில் பூசிக்கொள்ளலாமே என்ற எண்ணம் தமிழ்நாட்டு வாசகருக்கு எழுவது இயல்பு. கடலைமாவும் தயிரும் கலந்து பூசுவது பல வீடுகளில் இருந்துவரும் பழக்கம். உறுதியான தோலுக்கு அதனால் பெருங்கேடில்லை. ஆனால் தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலம்தான் கூருணர்வுத் தோலைக் கண்டறிய மருத்துவர்கள் தடவும் அதே பொருள் என்பதால், எரியும் தோலுக்குத் தயிர் ஏற்ற மருந்தன்று. அரண் தளர்ந்த தோலில், குறிப்பாகக் கரப்பான் உள்ள குழந்தைகளின் தோலில், உணவுப் புரதங்களைத் தொடர்ந்து பூசுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. வாய்வழி வந்தால் உடல் பொறுத்துக்கொள்ளக்கூடிய புரதம் தளர்ந்த தோலின் வழி வந்தால் ஒவ்வாமையை விதைக்கலாம் என்று இலண்டனின் கிடியன் லாக் முன்வைத்த கருத்துக்கு ஜப்பானில் ஒரு கசப்பான சான்று கிடைத்தது: கோதுமைப் புரதத்தைச் சிதைத்துக் கலந்த முகச்சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே ஒவ்வாததாகிவிட, 2011-இல் அச்சோப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

எனவே கூருணர்வுத் தோல் உடையோர் முதலில் காரச் சோப்பையும் நறுமணப் பொருள்களையும் விலக்கி, மணமற்ற எளிய ஈரப்பதக் களிம்பு ஒன்றைச் சில வாரம் பூசிப் பார்ப்பது நல்லது. அதன் பின்னும் எரிச்சல் நீடித்தால் பிஃபிடா அல்லது விட்ரியோசில்லாச் சாறு போதிய அளவில் உள்ள, நறுமணம் கலவாத ஒன்றை முயலலாம். புதிய பூச்சை முழங்கையின் உட்புறத்தில் நாளொன்றுக்கு இருமுறை வீதம் ஏழு முதல் பத்து நாள் தடவிப் பார்த்து, சிவப்போ அரிப்போ தோன்றாவிட்டால் மட்டும் முகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்பது தெரியாமலே போகும். பலன் தெரிய ஆய்வுகளில் நான்கு முதல் எட்டு வாரம் பிடித்திருக்கிறது. தடிப்பு, நீர்வடிதல், மேல்தோல் உரிதல், தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு ஆகியவற்றுள் எது இருந்தாலும் அது வெறும் கூருணர்வன்று, நோய். அதற்குச் செல்ல வேண்டியது அழகுப்பொருள் கடைக்கன்று, தோல் மருத்துவரிடம்.